மஞ்சள் கொடி

அந்த ரேஸ் நடக்கிற இடத்துக்கா? நானும் அங்கேதான் போகிறேன் அக்கா, என்னோடு இறங்கிக்குங்க. சூலூர் தாண்டிப் பழைய மில் ஸ்டாப் என்று கண்டக்டர் சத்தம் கொடுப்பார். கொடுக்காவிட்டாலும் எனக்குத் தெரியும். பையை மடியிலேயே வைத்துக்குங்க, கீழே வைத்தால் இந்த பஸ்ஸில் மிதித்துவிடுவார்கள். கேமராதானே அது? பட்டையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. என்னிடமும் ஒன்று இருக்கிறது, இதோ இந்தத் துணிப்பைக்குள், பாப்பாவின் ஜட்டிக்கும் பால் பாட்டிலுக்கும் நடுவில்.

ஐயோ, நான் போட்டோகிராபர் இல்லைங்க. அப்படிச் சொல்லாதீங்க, யார் காதிலாவது விழுந்தால் சிரிப்பார்கள். ஒண்டிப்புதூரில் சிரிக்காத ஆளே கிடையாது. நீங்கள் வெளியூர், மறுபடி பார்க்கப்போவதில்லை, அதனால் சொல்கிறேன். நான் யாரிடமும் இவ்வளவு பேசமாட்டேன். எட்டாவதோடு நின்றவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் என் குரல் எனக்கே கேட்காது.

எங்க வீட்டுக்காரர் பேர் பூபதி. பைக் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமையானால் மண்ணில் ரேஸ் ஓட்டுவார். ரோட்டில் இல்லைங்க, அந்த மாதிரி ஆள் இல்லை. மில்லுக்காரர் விட்டுப்போன காட்டில் மண்ணைக் கொட்டி, மேடு பள்ளம் வெட்டி, கம்பி வேலி போட்டு முறையாக நடத்துகிறார்கள். ஆம்புலன்ஸ்கூட நிற்கும். ஆம்புலன்ஸ் நிற்கிறதென்று அவர் எனக்குத் தைரியம் சொல்வார். எனக்கு அதைப் பார்த்தால்தான் பயமே வரும்.

அவருக்கு டயரும், ரேஸில் சேர்கிற செலவும் கொடுப்பது குழந்தைவேலு அண்ணன். சிங்காநல்லூரில் நாச்சியார் பேட்டரி என்று கடை வைத்திருக்கிறார். பதிலுக்கு வண்டியின் இரண்டு பக்கமும் கடைப் பேரை ஒட்டிக்கொண்டு ஓட்ட வேண்டும். அவருக்கு ஒரே குறை. இத்தனை ரேஸ் ஓட்டியும் கடைப் பேர் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ இல்லை. எல்லாம் செல்போனில் எடுத்தது. "எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது, இதுல எது பூபதி, எது என்னோட கடை?" என்பார். சூலூரில் இரண்டாவது கடை திறக்கப்போகிறார், வாசலில் பெரிய ஃபிளெக்ஸ் வைக்க வேண்டும். கடைசியில் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். இந்த ரேஸில் பேர் தெரிகிற மாதிரி ஒரே ஒரு போட்டோ வேண்டும், இல்லையென்றால் அடுத்த சீசனுக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

எங்க வீட்டுக்காரர் அன்று சாப்பிடவில்லை. ரேஸ் இல்லாத பூபதியை நான் பார்த்ததில்லை அக்கா. பார்க்கவும் பயம்.

அவர் கூட்டாளி ஜாபர் அண்ணன், ஒரே ஒர்க்‌ஷாப். அவர் தம்பி கல்யாண வீடுகளுக்குப் போட்டோ எடுக்கிறவர், பழைய கேமரா ஒன்று சும்மா கிடந்தது. ஜாபர் அண்ணன் அதை வாங்கிவந்தார். ஆனால் எடுப்பது யார்? அவர் ஸ்பானரோடு வண்டிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். இரண்டு பேரும் யோசித்தார்கள். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். நான் அப்போது பாப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி சும்மாதான நிக்கப்போகுது" என்றார் ஜாபர் அண்ணன்.

சும்மா. ஒன்றரை வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பதற்குப் பேர் சும்மா. அதை அங்கே சொல்லவில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன்.

சொல்லிக்கொடுத்தார்கள். இதில் கண்ணை வை, இதைப் பாதி அமுக்கு, பச்சைக் கட்டம் வந்ததும் முழுசாக அமுக்கு. அவ்வளவுதானாம். கல்யாணத்தில் மாப்பிள்ளை ஒரே இடத்தில் நிற்கிறார், ஜாபர் அண்ணன் தம்பிக்கு அவ்வளவுதான். இங்கே மாப்பிள்ளை பறக்கிறாரே.

போன ரேஸ் அன்று வேலியோரமாக நின்றேன். பக்கத்தில் வரிசையாக ஆண்பிள்ளைகள், ஒவ்வொருவர் கையிலும் தண்ணீர்க் குழாய் நீளத்துக்குக் கேமரா. எனக்கு ஆண்பிள்ளைகளை நேராகப் பார்த்தே பழக்கமில்லை. கேமரா கையில் இருந்தால் பார்த்துத்தான் ஆகவேண்டும் இல்லையா? முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பாப்பாவை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, ஓட்டையில் கண்ணை வைத்தேன். கும்மிருட்டு. முதலில் அப்படித்தான் இருக்கும், தியேட்டரில் விளக்கை அணைத்த பிறகுதானே படம் வரும் என்று நினைத்து அமுக்கிக்கொண்டே இருந்தேன். வண்டிச் சத்தம் வரும்போதெல்லாம் அமுக்கினேன். ரொம்ப நேரம் கழித்துப் பக்கத்தில் இருந்தவர் இருமினார். "அம்மிணி, முன்னாடி மூடி இருக்குது பாருங்க" என்றார். பாவம், சிரிக்காமல்தான் சொன்னார். அவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சிரித்தார்.

மூடியைக் கழற்றினேன். அடுத்து எடுத்ததெல்லாம் கம்பி வேலி. அந்தக் கேமராவுக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அதுதான் பிடிக்கும் போலிருக்கிறது. ஒவ்வொரு முடிச்சும் துரு தெரிகிற மாதிரி கம்பி அப்படியே விழுந்திருக்கிறது. அதற்குப் பின்னால் எங்க வீட்டுக்காரர் புகை மாதிரி போகிறார். வேலிச் சந்தில் கேமராவை நுழைத்துக்கொண்டேன். இப்போது வண்டி வந்ததும் அமுக்கினால் வெறும் மண் விழுகிறது. சரி, முன்கூட்டியே அமுக்குவோம் என்று அமுக்கினால் முன் சக்கரம் மட்டும் விழுகிறது. ஒரு படத்தில் முன் சக்கரம், ஒரு படத்தில் பின் சக்கரம், நடுவில் உட்கார்ந்திருக்கிற மனுஷன் எதிலும் இல்லை. அதற்குள் இதோ மடியில் இருக்கிற இவள் வேறு கேமராவை இழுத்துக் கண்ணாடியை நக்கிவிட்டாள். சேலைத் தலைப்பால் துடைத்தேன். அதிலிருந்து எல்லாப் படத்திலும் மார்கழிப் பனி. என் செருப்பு ஒரு படம். இவள் பாதம் இரண்டு படம், அது மட்டும் நன்றாக வந்திருக்கிறது.

இதெல்லாம் பரவாயில்லைங்க. இதற்கெல்லாம் ஊர் ஒரு நாள் சிரித்து விட்டுவிடும்.

மத்தியானம் பெரிய ரேஸ். முந்தின நாள் மழை, தடம் முழுக்கச் சேறு. எங்க வீட்டுக்காரர் சிவப்புச் சட்டை, நீல ஹெல்மெட், நம்பர் எழுபத்தேழு. வேலியருகே வந்து, "சுகந்தி, நம்பரைப் பாத்துக்க, அதையே புடிச்சுட்டு வா" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் பிடித்துக்கொண்டேன். முதல் சுற்று சரியாகத்தான் பிடித்தேன் என்று நினைக்கிறேன். ஆனால் பாருங்க, முன்னால் போகிற சக்கரம் வாரி இறைக்கிற சேறெல்லாம் பின்னால் வருகிறவர் நெஞ்சிலும் நம்பரிலும்தான் விழுகிறது. இரண்டாவது சுற்றில் எல்லாரும் ஒரே நிறம். ஒரு ஏழு மட்டும் தெரிந்தது, கொஞ்சம் சிவப்பும் தெரிந்தது. அது போதாதா? கட்டின பெண்டாட்டிக்குத் தன் புருஷனைத் தெரியாதா என்ன?

அந்த ஏழு நம்பரை விடவே இல்லை நான். ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால் பார்க்கிறவளுக்கு உலகம் அந்த ஓட்டை அளவுதான் அக்கா. வேறு யார் வந்தார்கள், யார் போனார்கள், எதுவும் தெரியாது. கையும் அதற்குள் பழகிவிட்டிருந்தது. இப்போது மனுஷன் நடுவில் வந்தார், முழுசாக வந்தார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? கடைப் பேர் தெரிகிறதா என்று பார்க்கக்கூட மறந்துவிட்டது.

அப்போதுதான் வளைவில் ஒரு ஆள் மஞ்சள் கொடியை எடுத்து ஆட்டினார். நான் அதற்கு முன்னால் ரேஸை ஒழுங்காகப் பார்த்தவள் இல்லை, பாப்பாவோடு மரத்தடியில் இருந்துவிடுவேன். நீங்களே சொல்லுங்க, மஞ்சள் என்றால் மங்கலம்தானே? கல்யாணப் பத்திரிகை மூலையில் எதைத் தடவுகிறோம்? தாலியை எதில் கோக்கிறோம்? அவர் முதலாவதாக வந்துவிட்டார், அதற்குத்தான் கொடி என்று முடிவு கட்டிவிட்டேன். அதே நேரம் அந்த ஏழாம் நம்பர் வளைவில் திரும்பி, என் பக்கமாக வந்து, ஒரு கையை நன்றாக மேலே தூக்கினார்.

எனக்குக் கை காட்டுகிறார்.

கல்யாணமாகி இத்தனை நாளில் அவர் நாலு பேர் எதிரில் என்னைப் பார்த்து ஒரு தடவை சிரித்ததுகூடக் கிடையாது. ஓடுகிற ரேஸில் கையை விட்டுவிட்டு எனக்கு டாட்டா காட்டுகிறார். நான் அமுக்கினேன். அமுக்கிவிட்டு, என் கூச்சமெல்லாம் எங்கே போனதோ, பாப்பாவின் கையைப் பிடித்துத் தூக்கி ஆட்டினேன். வாய்விட்டுச் சிரித்தேன். "அப்பா பாரு, அப்பா பாரு" என்று குதித்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் கேமராவை இறக்கிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். பொறாமை என்று நினைத்தேன்.

ரேஸ் முடிந்தது. தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வண்டிகள் வந்து நிற்கிற இடத்துக்கு ஓடினேன். ஓடினேன் அக்கா, நான். அந்த ஏழாம் நம்பர் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் பாட்டிலை நீட்டி, "ஏனுங்க, கை காட்டுனீங்களே" என்றேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். பல்லில் கம்பி போட்ட ஒரு சின்னப் பையன். இருபது வயதுகூட இருக்காது. வண்டியில் இருந்த நம்பர் இருபத்தேழு. "யாருங்க நீங்க?" என்று கேட்டுக்கொண்டே தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டான்.

அப்போது ஜாபர் அண்ணன் மூச்சிரைக்க வந்து, எங்கே போய்விட்டாய், எவ்வளவு நேரமாகத் தேடுகிறேன், பூபதியை ஆம்புலன்ஸில் ஏற்றியாகிவிட்டது வா என்றார்.

தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. உள்ளே படுக்க வைத்திருந்தார்கள், முகம் முழுக்கச் சேறு. அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச தூரம் போனதும் கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"நான் உழுந்து கெடக்கறேன். நீ என்னைப் பாத்துச் சிரிச்சுட்டு நிக்கற."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியிலும் பேசவில்லை, கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. சோறு வைத்தால் சாப்பிடுவார். மாத்திரை கொடுத்தால் விழுங்குவார். பாப்பாவோடு பேசுவார். என் பக்கம் திரும்பமாட்டார்.

சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? என்னவென்று சொல்வேன்? விழுந்த புருஷனைப் பார்த்துச் சிரிக்கிற பெண்டாட்டி ஒரு பக்கம். எவனோ ஒரு பையனைப் புருஷன் என்று நினைத்துக் கையாட்டிவிட்டுத் தண்ணீரும் கொண்டுபோய்க் கொடுத்த பெண்டாட்டி இன்னொரு பக்கம். இதில் எது மானமான பேச்சு? எதுவுமே சொல்லாமல் இருந்தேன். கேமராவை ஜாபர் அண்ணன் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். பாத்திரம் விளக்கும்போதெல்லாம் அதே நினைப்பு.

குழந்தைவேலு அண்ணன் விடுவாரா? பூபதி எழுந்து நடக்க ஆரம்பித்ததும் கடைக்கு வரச்சொல்லி ஆள் விட்டார், போட்டோவைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த சீசனைப் பற்றிப் பேச்சு என்று. எடுத்தவளும் வரட்டும் என்று சொல்லியிருந்தார். மூவரும் போனோம், இவளும். அந்தக் கடையில் சுவரில் இவ்வளவு பெரிய டிவி. ஜாபர் அண்ணன் அதில் கேமராவை மாட்டினார். கடையில் வேலை செய்கிறவர்கள், இன்வெர்ட்டர் வாங்க வந்தவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். நான் பேட்டரி அடுக்கின சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். எங்க வீட்டுக்காரர் கையைத் தொட்டில் மாதிரி துணியில் கட்டிக்கொண்டு நாற்காலியில், முகத்தை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சீசன் போகிறதே என்ற கவலை. எனக்கு அவரே போய்விடுவாரோ என்ற கவலை.

முதலில் கறுப்பு. அடுத்தது கறுப்பு. "கரண்டு போச்சா?" என்றார் குழந்தைவேலு அண்ணன். எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் வேலி. "கம்பிக் கடைக்கு எடுத்ததுங்களா அம்மிணி?" அப்புறம் சக்கரம், மண், செருப்பு, பாப்பா கால். ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு. பூமி பிளக்காதா என்று நின்றேன். அப்புறம் அந்தப் பையன் வந்தான். வரிசையாக அவனே வந்தான். வளைவில் அவன், மேட்டில் அவன், குதிக்கும்போது அவன்.

சிரிப்பு நின்றுவிட்டது. "இது யாருடா?" என்றார் கடைக்காரர். எங்க வீட்டுக்காரர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். எத்தனையோ நாள் கழித்து அன்றுதான் திரும்பினார், திரும்பாமலே இருந்திருக்கலாம்.

அடுத்தது அந்தப் படம். பையன் கையைத் தூக்கிக்கொண்டு வருகிறான்.

"எனக்குக் கை காட்டுனாங்க, அதான்..." என்றேன். என் வாயிலிருந்து எப்படி வந்தது என்றே தெரியவில்லை.

ஜாபர் அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டார். "அது டாட்டா இல்ல தங்கச்சி. முன்னாடி ஆளு உழுந்து கெடக்கு, மெதுவா வாங்கன்னு பின்னாடி வர்றவனுக்குக் காட்டறது. மஞ்சக் கொடியும் அதுக்குத்தான்."

விழுந்து கிடந்த ஆள் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதே இல்லை. பையன் மங்கலாகத்தான் இருந்தான். அந்தக் கேமரா வழக்கம்போல் நான் சொன்னதை விட்டுவிட்டு வேறு ஒன்றைப் பிடித்திருந்தது, இந்தத் தடவை தூரத்தில் இருந்ததை. பின்னால் எங்க வீட்டுக்காரர் சேற்றில் உட்கார்ந்து, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, நேராக என்னைப் பார்க்கிறார். அந்தக் கண்ணை மட்டும் பார்த்தேன். அதற்கு மேல் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டேன்.

குழந்தைவேலு அண்ணன் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனார் போலிருக்கிறது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறதாம், மேல் பக்கத்தில் கடைப் பேர் ஒரு எழுத்து விடாமல் தெரிகிறதாம். "ஏப்பா, இவ்வளவு சுத்தமா நம்ம பேரு எந்தப் படத்துலயும் உழுந்ததில்லையே" என்றார். பூபதியும் போஸ் கொடுத்த மாதிரியே இருக்கிறான் என்றார். அந்தப் பையனை வெட்டிவிடு, இவனையும் வண்டியையும் பெரிசாகப் போடு, மேலே "விழுந்தாலும் ஸ்டார்ட் ஆகும்" என்று எழுது என்றார். கடையே கை தட்டியது.

எனக்கு அப்போது எங்கிருந்தோ ஒரு தைரியம் வந்தது அக்கா. என் புருஷன் சேற்றில் கிடப்பதை ஊர் பார்க்க வேண்டுமா? "அதைப் போடாதீங்கண்ணா" என்று சத்தமாகவே சொன்னேன்.

எங்க வீட்டுக்காரர் அதே சத்தத்தில், "போடுங்கண்ணா" என்றார்.

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். கட்டுப் போட்ட தோளை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலியில் முகம் சுளித்து, சுளித்துக்கொண்டே சிரிக்கிறார். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். ஊரே சிரித்தபோதுகூட நான் தாங்கிக்கொண்டேன். அவரும் சேர்ந்து சிரித்ததைத்தான் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

ஆட்டோவில் வரும்போது கேட்டார். "அவனுக்குப் பாப்பா கையப் புடிச்சு ஆட்டுனியா?"

"உங்களுக்குத்தான் ஆட்டுனேன்" என்றேன்.

அவர் நல்ல கையை நீட்டிப் பாப்பாவை வாங்கிக்கொண்டார். வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். மறுபடி தோள் குலுங்கியது, மறுபடி சிரிப்பு.

அன்றிலிருந்து பேசுகிறார். பேசுவதெல்லாம் என்னைக் குத்திக்காட்டத்தான். சாயந்திரம் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்தால் நேராக உள்ளே வரமாட்டார். வாசலிலேயே நின்று, தன் மூஞ்சியைத் தானே தொட்டுக் காட்டி, "நான்தான். நல்லாப் பாத்துக்க" என்பார். தினமும் இதே. பக்கத்து வீட்டுப் பெண்கள் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறார்கள். ஒரு நாள் நெற்றியில் சாக்பீஸில் எழுபத்தேழு என்று எழுதிக்கொண்டு வந்து நின்றார். பழி வாங்குகிறார் அக்கா. எத்தனை நாளைக்குத்தான் வாங்குவாரோ.

இன்று புதுச் சீசன். எலும்பு கூடிவிட்டது, டயர் வந்துவிட்டது. ஜாபர் அண்ணன் தம்பியே வந்து எடுக்கிறேன் என்றார், தொழில் தெரிந்த ஆள். இவர் வேண்டாம் என்றுவிட்டார். நான்தான் வர வேண்டுமாம். நான் அழுதே விட்டேன், மறுபடி ஆள் மாறிவிடும் என்றேன். "யாரை வேணும்னாலும் எடு. நீ வந்து நில்லு, போதும்" என்றார். பார்த்தீங்களா? யாரை எடுத்தாலும் ஒன்றுதான் என்கிற அளவுக்கு என் போட்டோ கேவலமாகப் போய்விட்டது.

சூலூர் வந்துவிட்டது. அந்தப் பக்கம் குழந்தைவேலு அண்ணனின் புதுக் கடை வரும், அதுதான், ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். நான் இந்த வழியாகப் போனாலே தலையைக் குனிந்துகொள்வேன். ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை. தாண்டினதும் சொல்லுங்க. என்ன, நின்றுவிட்டதா? சிக்னலா? சரி, நீங்கள் வேண்டுமானால் பார்த்துக்குங்க. என்னிடம் ஒன்றும் சொல்லாதீங்க. படத்தில் கோபமாகத்தானே இருக்கிறார்? எனக்குத் தெரியும்.

என்ன அக்கா?

கையைத் தூக்கியிருக்கிறாரா? ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பார்.

கட்டை விரலா? அதை மட்டுமா நிமிர்த்திக் காட்டுகிறார், ஒன்றும் ஆகவில்லை என்கிற மாதிரியா? எலும்பு முறிந்து உட்கார்ந்திருக்கிறவரா?

யாருக்குக் காட்டுகிறார் அக்கா? அந்தப் பக்கம் வேலியில் நான்தானே நின்றேன்.

கொஞ்சம் நகருங்க, ஜன்னல் பக்கம் வருகிறேன். பாப்பாவைப் பிடிங்க.